பார்ட்டி ஹாலும் ஒரு ரெக்கார்ட் டான்ஸும்

கொஞ்சம் பெரிய பதிவு. காபியோ டீயோ எடுத்துக்கிட்டு உட்கார்ந்துடுங்க. பாதியில் எழுந்து போனால் இதில் வரும் அப்பன்காரன் நல்லவனா கெட்டவனா என்று தெரியாமல் போய்விடும். முழுசாகப் படித்தாலும் தெரியாது என்பது வேறு விஷயம்.

சென்ற நவம்பரில் ஒரு சனிக்கிழமை. சர்ஜாபூர் ரோட்டுப் பக்கம் இருக்கிற எங்கள் அபார்ட்மெண்டின் பார்ட்டி ஹாலில், மகளின் வகுப்புத் தோழிக்குப் பிறந்தநாள். மகள் (இங்கே வழக்கம்போல 'சின்ன மேடம்') ஒன்பதாம் வகுப்பு, 14 வயது. ஆறு மணிக்கே கிளம்பிப் போய்விட்டாள். ஒன்பதரைக்குப் போய்க் கூட்டிவர வேண்டியது என் டியூட்டி. அன்றைக்குப் பார்த்து, அமெரிக்காக்காரன் கால் கேன்சல். ஆணி புடுங்க வேண்டிய அவசியம் இல்லாமல் ஒன்பது மணிக்கே கீழே இறங்கிவிட்டேன். அந்த அரை மணி நேரம்தான் வினை.

லிஃப்டிலேயே தும் தும் என்று சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. ஹாலுக்குப் பக்கத்து அறையில் பெற்றோர்கள் பிரியாணிப் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு ஸ்கூல் ஃபீஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று எனக்கும் ஒரு நாற்காலி போட்டார் ஒருவர். நான் உட்காரவில்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன்.

நீல விளக்கு, கொஞ்சம் புகை, இருபத்தைந்து பிள்ளைகள். ஓடிக்கொண்டிருந்தது ஏதோ ஹிந்தியும் பஞ்சாபியும் கலந்த ராப். என் ஹிந்தி, பெங்களூரில் செக்யூரிட்டிகளிடமும் பெயிண்டர்களிடமும் பேசிப் பேசி வளர்ந்தது. அதனால் முதல் ரெண்டு நிமிஷம் தாளம் மட்டும்தான் காதில் விழுந்தது. அப்புறம் ஒரு வரி புரிந்தது. அடுத்த வரியும் புரிந்தது. காது சூடாகிவிட்டது. அடுத்து வந்த பாட்டு இங்கிலீஷ், அதைப் புரிந்துகொள்ள செக்யூரிட்டி அண்ணன் உதவி தேவைப்படவில்லை. பெண்ணின் உடம்பில் எது எது எப்படி இருக்கிறது, அதை அவன் என்ன செய்யப் போகிறான் என்று கசாப்புக் கடைப் பட்டியல் மாதிரி ஒரு பாட்டு. இருபத்தைந்து பிள்ளைகளும் ஒரு வார்த்தை விடாமல் கூடவே பாடுகிறார்கள். திருக்குறள் பத்து மனப்பாடம் பண்ண ஒரு மாசம் எடுத்துக்கொண்ட என் மகளும் பாடுகிறாள்.

நடுவில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் இரண்டு பெண்கள். இடுப்பை ஆட்டி, குனிந்து, தரையைத் தொட்டு எழுந்து... எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும். அந்த இரண்டு பேரில் ஒருத்தி சின்ன மேடம். சுற்றிலும் கைதட்டல், விசில். பையன்கள் பக்கம் இரண்டு மூன்று போன் விளக்குகள்.

அடுத்த பத்து செகண்டில் நான் செய்ததை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. நேராகப் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். ஒரு அங்கிள் உள்ளே வருவதைப் பார்த்த டிஜே பையன், நல்ல எண்ணத்தில் சத்தத்தைக் குறைத்துவிட்டான். "வெட்கமா இல்லை உனக்கு? வா வீட்டுக்கு!" என்று நான் கத்தியது ஹால் முழுக்க ஒலித்தது. தமிழ் தெரிந்த பிள்ளைகள் நாலைந்து பேர்தான் அங்கே. ஆனால் அந்தக் குரலுக்கு எந்த மொழியும் தெரிந்திருக்க வேண்டாம்.

அவள் ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். லிஃப்டில் நம்பர் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்போதுதான் கவனித்தேன், காலில் செருப்பு இல்லை. அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

பத்தேகாலுக்குச் செருப்பை எடுக்கக் கீழே போனேன். டிஜே பையன் ஸ்பீக்கரை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். "அண்ணா, நீங்க தமிழா? நான் ஓசூர்ணா" என்றான். ஏன் தம்பி இந்த மாதிரிப் பாட்டெல்லாம் சின்னப் பசங்களுக்குப் போடறே என்று கேட்டேன். "பசங்க வாட்ஸப்ல லிஸ்ட் அனுப்புறாங்க, நான் போடுறேன். கெட்ட வார்த்தை எடுத்த க்ளீன் வெர்ஷனும் எங்கிட்ட இருக்கு. அப்பா அம்மா யாராவது ஒருத்தர் முன்னாடியே கேட்டா அதைப் போட்டுருவேன். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைண்ணா. சத்தம் பத்து மணிக்கு நிக்கணும்னு மட்டும்தான் சொல்லுவாங்க."

உண்மைதான். அந்த ஹாலை வாடகைக்கு விடும்போது அசோசியேஷன் கொடுக்கும் தாளில் பத்து மணி உண்டு, தண்ணீர் சிந்தக்கூடாது உண்டு, சுவரில் டேப் ஒட்டக்கூடாது உண்டு. பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

* * *

வீட்டில் தங்கமணியிடம் ஆதரவு கிடைக்கும் என்று நம்பினேன். முழுசாகக் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "பாட்டு அசிங்கம்தான். நீங்க பண்ணினதும் அசிங்கம்தான். 2009-லயும் நீங்க இப்படித்தான் பேசினீங்க."

சின்னதாக ஒரு கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன்.

நான் பெங்களூர் வந்தது 2003-ல். மடிவாளாவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கையில் ஒரு பெட்டி, ஒரு ஊறுகாய் ஜாடி. அப்போதெல்லாம் இந்த ஊருக்குப் 'பப் சிட்டி' என்றுதான் பட்டப்பெயர். ஆனால் வேடிக்கை என்னவென்றால், பப் நகரத்தில் ஆடுவதற்குத் தடை. 2005-ல் பெங்களூர் போலீஸ் ஒரு ஆணை கொண்டுவந்தது. ஹோட்டலிலோ பாரிலோ லைவ் பேண்ட், டிஸ்கோ, நடனம் என்று எது வைத்தாலும் தனியாக லைசென்ஸ் வாங்க வேண்டும். நிபந்தனைகளைப் படித்தால் லைசென்ஸ் வாங்காமல் இருப்பதே மேல் என்று தோன்றும். ஹோட்டல்காரர்கள் வழக்குப் போட்டு, அது சுற்றிச் சுற்றி, 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லும் என்று சொன்னது. நடுவில் ரெய்டு மும்முரமாக நடந்த நாட்களில் எங்கள் டீம் பார்ட்டி ஒன்றில் நானே பார்த்திருக்கிறேன்: பாட்டு காதைக் கிழிக்கும், யாராவது எழுந்து இரண்டு காலையும் அசைத்தால் ஒரு தடியர் வந்து தோளைத் தொட்டு உட்கார வைப்பார். தலையை ஆட்டலாம், தோளை ஆட்டலாம், இடுப்புக்குக் கீழே ஆட்டக்கூடாது. பாட்டில் என்ன வார்த்தை வருகிறது என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை.

2009 ஜனவரி 24-ஆம் தேதி மங்களூரில் ஒரு பப்புக்குள் ஒரு கும்பல் புகுந்து, அங்கே இருந்த பெண்களை அடித்து, துரத்தி, கீழே தள்ளியது. கேமராவோடு போய் அடித்தார்கள். நாடு முழுக்க டிவியில் திரும்பத் திரும்ப ஓடியது. கலாச்சாரத்தைக் காப்பாற்றுகிறார்களாம். எங்களுக்குக் கல்யாணமான புதிது. டிவியைப் பார்த்துக்கொண்டே நான் உதிர்த்த முத்து: "அடிச்சது தப்புதான், ஆனா இந்தப் பொண்ணுங்களுக்கு அங்க என்ன வேலை?" தங்கமணி அன்றைக்கு ராத்திரி பேசவில்லை. அந்த வழக்கில் 2018-ல் எல்லோரும் விடுதலையாகிவிட்டார்கள், போதிய சாட்சியம் இல்லையாம். ஊரே பார்த்த வீடியோ.

2016 டிசம்பர் 31 ராத்திரி எம்.ஜி. ரோடு, பிரிகேட் ரோடில் புத்தாண்டுக் கூட்டத்தில் பெண்களிடம் நடந்த அத்துமீறல் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அப்போதைய மாநில உள்துறை அமைச்சர் மேல்நாட்டு மோகத்தையும் உடையையும் காரணமாகச் சொன்னதாக வந்து பெரிய ரகளை ஆனது. பிறகு தான் சொன்னதைத் திரித்துவிட்டார்கள் என்றார் அவர். 'அந்தப் பொண்ணுங்களுக்கு அங்க என்ன வேலை' என்று நான் கேட்டதற்கும் அதற்கும் அதிக தூரம் இல்லை.

"கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தீங்களே, அந்தப் பாட்டைப் போட்டவனையோ விசிலடிச்சவனையோ ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் தங்கமணி. கேட்கவில்லை. எனக்கு அப்போது அவர்கள் கண்ணிலேயே படவில்லை.

* * *

இன்னொரு கொசுவத்தி. இது கொஞ்சம் பழைய சுருள், புகை ஜாஸ்தி வரும்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில். வருஷா வருஷம் பங்குனிப் பொங்கல். மூன்றாம் நாள் ராத்திரி 'ஆடல் பாடல் நிகழ்ச்சி' என்று நோட்டீஸில் போடுவார்கள். ஊர் பாஷையில் ரெக்கார்ட் டான்ஸ். பத்து மணி வரைக்கும் எம்.ஜி.ஆர் வேஷம், ரஜினி வேஷம், சாமிப் பாட்டு. பெண்கள், குழந்தைகள் எல்லாம் பாய் விரித்து முன்வரிசையில். பதினோரு மணிக்கு மேல் பெரியவர் ஒருத்தர் மைக்கில் "தாய்மார்கள் எல்லாம் வீட்டுக்குப் போகலாம்" என்பார். அதற்குப் பிறகு நடப்பது வேறு நிகழ்ச்சி. எனக்கு 15 வயதாக இருந்தபோது வேப்பமரத்துக் கிளையில் உட்கார்ந்து விடிய விடியப் பார்த்தேன். விசிலும் அடித்தேன். ஊர்ப் பெரியவர்கள் மேடையேறி அந்தப் பெண்ணின் ஜாக்கெட்டில் பத்து ரூபாய் நோட்டைக் குத்தினார்கள். மறுநாள் அதே பெரியவர்கள் கோயில் வாசலில் விபூதி பூசிக்கொண்டு நின்றார்கள்.

ஒரு விஷயம் மட்டும் மறக்கவில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு, ஆடி முடித்த அந்த அக்கா மேடைக்குப் பின்னாடி தகர டப்பாவில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் அம்மா வயது இருக்காது, ஆனால் சின்னப் பெண்ணும் இல்லை. பக்கத்தில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து, "தம்பி, குடிக்கத் தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் ஓடிவிட்டேன்.

இன்றைக்கும் திருவிழா சீசன் வந்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆடல் பாடலுக்கு அனுமதி கேட்டு மனுக்கள் குவிகின்றன. ஆபாச நடனம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டு அனுமதி கொடுக்கிறார்கள். ஆக, நம் ஊர்ப் பிள்ளைகளை மேல்நாட்டுப் பாட்டுத்தான் கெடுத்தது என்று என்னால் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது. என்னைக் கெடுத்தது உள்ளூர் வேப்பமரம்.

* * *

சின்ன மேடம் பத்து நாள் பேசவில்லை. "ம்", "சாப்பிட்டாச்சு", "வேணாம்" இந்த மூன்றையும் பேச்சில் சேர்க்கமாட்டேன்.

பதினோராம் நாள், பி.டி.எம். லேஅவுட்டில் பரதநாட்டிய வகுப்பு. நான்தான் கார் ஓட்டவேண்டும். பெங்களூர்வாசிகளுக்குத் தெரியும், சில்க் போர்டு சிக்னலில் மாட்டிக்கொண்டால் ஜென்மப் பகையாளிகள்கூடப் பேசிவிடுவார்கள். அவளே ஆரம்பித்தாள்.

"அப்பா, உங்களுக்கு எது பிடிக்கலை? பாட்டா, டான்ஸா, பசங்க பாத்ததா?"

"எல்லாம்தான்."

"அப்படிச் சொல்லாதீங்க. ஒண்ணு ஒண்ணா சொல்லுங்க."

சொல்லிப் பார்த்தால் வரவில்லை. ஆபீஸில் ஒரு பக்கிற்கு மூல காரணம் என்ன என்று ஜூனியர் பசங்களை ஒரு மணி நேரம் உருட்டுகிற எனக்கு, என் கோபத்துக்கு மூல காரணம் சொல்லத் தெரியவில்லை. "அந்த வயசுல அப்படி ஆடறது..." என்று இழுத்தேன்.

அவள் போனை எடுத்து ஒரு வீடியோவைத் தட்டி என் முகத்துக்கு நேராக நீட்டினாள். சிக்னலில் இன்னும் நூற்றிச் சொச்சம் செகண்ட் பாக்கி இருந்தது. முழுசாகப் பார்த்தேன்.

2017. எங்கள் அபார்ட்மெண்ட் பிள்ளையார் சதுர்த்தி விழா. மேடையில் ஆறு வயது சின்ன மேடம். சிவப்புப் பாவாடை, உதட்டுச் சாயம், இடுப்பில் ஜிகினா. ஓடுவது ஒரு பெரிய ஹீரோ படத்தின் குத்துப் பாட்டு. சினிமாவில் அந்த நடிகை செய்த அத்தனையையும், உதட்டைக் கடிப்பது முதல் கொண்டு, குழந்தை அப்படியே செய்கிறது. கூட்டம் ஆரவாரம். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "சூப்பர்டா செல்லம்! ஒன்ஸ்மோர்!" அப்புறம் ஒரு நீளமான விசில்.

குரலும் விசிலும் என்னுடையவை. அந்த வீடியோவை ஊரில் இருக்கும் சித்தப்பா, பெரியப்பா, அத்தை என்று குடும்ப வாட்ஸப் குரூப்பில் நான்தான் போட்டேன். அறுபது பேர் பூங்கொத்து அனுப்பினார்கள்.

"இதுல ஆடினப்ப யாரும் வெட்கமா இல்லையான்னு கேக்கலை" என்றாள்.

பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். வண்டியை எடுத்தேன்.

பிறகு தேடிப் பார்த்தபோது தெரிந்தது. 2019 ஜூன் 18-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தனியார் டிவி சேனல்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியிருக்கிறது. நடன ரியாலிட்டி ஷோக்களில் குழந்தைகளை, பெரியவர்கள் சினிமாவில் செய்யும் அசைவுகளை ஆட வைக்காதீர்கள், அவை பல நேரம் வயதுக்கு ஒவ்வாதவையாகவும் கிளர்ச்சியூட்டுவதாகவும் இருக்கின்றன என்று. டிவிக்காரர்களுக்குச் சொன்னார்கள். என் போன்ற அப்பன்களுக்கு யார் சொல்வது? ஆறு வயதில் 'க்யூட்' என்று கைதட்டி நாமே சொல்லிக் கொடுத்த அதே அடவை, 14 வயதில் ஆடும்போது திடீரென்று பாவம் என்கிறோம். எந்தத் தேதியில் அது மாறியது என்று அவளுக்கு யாரும் காலண்டரில் குறித்துக் கொடுக்கவில்லை.

* * *

மன்னிப்புக் கேட்டேன். ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியதற்கு ஸாரி என்றேன். அவள் உடனே சமாதானமாகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே மிச்சத்தைச் சொன்னாள். அன்றைக்கு ஒரு பையன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தானாம். பெண்கள் இரண்டு முறை நிறுத்தச் சொன்னார்களாம். சிரித்தானாம். அப்போது நான் உள்ளே வந்தேன். அதையும் எடுத்திருக்கிறான். அப்பா மகள் கையைப் பிடித்து இழுத்துப் போகிற பதினைந்து செகண்ட். அது வகுப்புக் குரூப்பில் சுற்றி, யாரோ அதற்குச் சிரிப்பு மியூசிக் போட்டு, பத்து நாளாக அவள் அந்த வகுப்புக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யாரோ ஒருத்தன் இன்னொருத்தன் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பானாம், எல்லோரும் சிரிப்பார்களாம்.

காரை ஓரம் கட்டிவிட்டேன்.

2005-ல் சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டல் பார்ட்டியில் ஆடிய இளைஞர்களின் போட்டோக்களைப் பத்திரிகையில் போட்டு, அது பெரிய விவகாரமாகி, ஹோட்டலின் உரிமத்தையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள். அன்றைக்கு எங்கள் பேச்சுலர் ரூமில் எல்லோரும் விவாதித்தது அந்தப் பெண்கள் அப்படி ஆடலாமா என்றுதான். அவர்கள் சம்மதம் இல்லாமல் முகத்தை எப்படிப் போட்டார்கள் என்று ஒருத்தன்கூடக் கேட்கவில்லை. அந்தப் பெண்களுக்கு வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று இருபது வருஷம் கழித்து சில்க் போர்டு பக்கத்தில் எனக்கு முதல்முறையாகத் தோன்றியது.

பையனின் அம்மாவிடம் தங்கமணி பேசினாள். நல்ல மனுஷி. பையனை உட்கார வைத்து அழிக்கச் சொன்னார், குரூப்பிலும் அழிக்க வைத்தார். இன்னும் எத்தனை போனில் இருக்கிறதோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

* * *

அன்றைக்கு நாட்டிய வகுப்பில் நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே வர்ணம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாயகி நாயகனை நினைத்து உருகுகிறாள், தோழியைத் தூது அனுப்புகிறாள், மன்மதன் அம்பு விடுகிறான். இதே நாயகி அரங்கேற்றத்தில் உருகும்போது நான் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுப்பேன்.

இந்த நடனத்துக்கு என்ன பெயர் இருந்தது? சதிர். 1890-களில் சென்னையில் நாட்ச் எதிர்ப்பு இயக்கம் நடந்தபோது, மரியாதைப்பட்ட குடும்பங்கள் இதைப் பார்க்கவே கூடாது என்றார்கள். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டிவிடும் கொடுமையை முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் எதிர்த்துப் போராடி, 1947-ல் சட்டம் வந்தது. அது வரவேண்டிய சட்டம்தான். ஆனால் அதே காலத்தில் ஈ. கிருஷ்ணய்யர், ருக்மிணி தேவி என்று வேறு சிலர் ஆட்டத்தைக் கையில் எடுக்க, அது பரதநாட்டியமாகி, இப்போது எங்கள் அபார்ட்மெண்டில் மட்டும் பன்னிரண்டு பெண்கள் கற்றுக்கொள்கிறார்கள். சிருங்காரத்தைக் குறைக்க வேண்டும் என்று ருக்மிணி தேவி, அதுதான் உயிர் என்று பாலசரஸ்வதி. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

நம்ம ஊர் பெயரைத் தாங்கிய பெங்களூர் நாகரத்தினம்மாள் கதை இன்னும் சுவாரசியம். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய அதே அம்மாள்தான். தஞ்சை அரசவையில் 18-ஆம் நூற்றாண்டில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் கவி தெலுங்கில் எழுதிய 'ராதிகா சாந்த்வனமு' நூலை 1910-ல் பதிப்பித்தார். ஆபாசம் என்று வெள்ளைக்கார அரசு தடை போட்டது. பல வருஷம் கழித்துத்தான் தடை நீங்கியது. ஆண் புலவர்கள் இதைவிடப் பச்சையாக எழுதியதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறீர்களே, ஒரு பெண் எழுதினால் மட்டும் ஏன் கூச்சம் வருகிறது என்பதுதான் அந்த அம்மாளின் வாதம்.

திரும்பி வரும்போது இதைச் சின்ன மேடத்திடம் சொன்னேன். "அப்ப எங்க பாட்டும் நூறு வருஷம் கழிச்சு சபாவுல வரும்" என்றாள். சிரித்துவிட்டேன். பத்து நாளில் முதல் சிரிப்பு.

ஆனால் நான் விடவில்லை. "பதத்துல அந்தப் பொண்ணு தன் ஆசையைத் தானே சொல்றா. கோபப்படறா, கதவைச் சாத்தறா, வெளிய போடான்னு சொல்றா. அன்னிக்கு நீங்க பாடின பாட்டுல அந்தப் பொண்ணுக்கு ஒரு வரியாவது இருக்கா? அவ ஒரு சாமான் மாதிரி. அவன் பேசிட்டே இருக்கான். நீங்க அந்தப் பொண்ணா நின்னு ஆடறீங்க." கொஞ்ச நேரம் யோசித்தாள். "பொண்ணுங்களே பாடற ராப் பாட்டும் அப்படித்தான் இருக்கு. அதுக்கு என்ன சொல்வீங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அது அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

* * *

பிப்ரவரியில் அவளுக்குப் பிறந்தநாள். அதே ஹால், அதே ஓசூர்த் தம்பி. விதிமுறை போடலாமா என்று நான் ஆரம்பித்ததும், "நாங்களே போடறோம்" என்று நாலு பெண்களும் இரண்டு பையன்களும் டைனிங் டேபிளில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் எழுதிய முதல் விதி என்ன தெரியுமா? வாசலில் ஒரு அண்டா வைக்க வேண்டும், எல்லோர் போனும் அதில். இரண்டாவது, யாரையும் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுக்கக்கூடாது. (என்னைப் பார்த்துக்கொண்டே படித்தாள்.) மூன்றாவது, ஒருத்தர் பிடிக்கவில்லை என்றால் டிஜே அந்தப் பாட்டை மாற்ற வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. நான் ராத்திரி முழுக்க யோசித்திருந்தாலும் இந்த மூன்றும் எனக்குத் தோன்றியிருக்காது.

பாட்டு லிஸ்ட்டுக்குத் தனிப் பேச்சுவார்த்தை. மொபைல் ஆப்பில் பாட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக 'ஈ' என்று ஆங்கில எழுத்து இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? அமெரிக்காவில் 1985-ல் சில அரசியல்வாதிகளின் மனைவிமார் கூடிப் போராடி, கேசட் மேல் எச்சரிக்கை ஒட்ட வைத்தார்களே, அதன் வாரிசு. அந்த 'ஈ' உள்ளதை வராமல் தடுக்க ஆப்பிலேயே வசதி உண்டு. ஆனால் நம்ம ஊர் இரட்டை அர்த்தப் பாட்டில் பலவற்றுக்கு எந்த எழுத்தும் கிடையாது. சினிமாப் பாட்டாவது படத்தோடு சென்சாரைத் தாண்டி வருகிறது. தனியாக நெட்டில் விடும் பாட்டுக்கு அதுவும் இல்லை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோது ஒரு 'பீப்' பாட்டு வெளியாகி, கோவையில் போலீஸ் கேஸ் வரைக்கும் போனது. கேஸ் போட்டார்கள், ஆனால் ஊரில் கேட்காதவர் மிச்சமில்லை. தடையின் லட்சணம் அவ்வளவுதான்.

ஆளுக்கு மூன்று பாட்டை வெட்டலாம் என்று ஒப்பந்தம். நான் மூன்றை வெட்டினேன். அவள் வாதாடி ஒன்றை மீட்டுக்கொண்டாள். பிறகு என் முறை: 90-களில் நான் உருகி உருகிக் கேட்ட பாட்டுகளில் ஆறு சேர்த்திருந்தேன். ரொம்ப டீசன்ட் என்று நம்பி. வரி வரியாக அர்த்தம் கேட்டாள். சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்றா. இவர் பாடிக்கிட்டே பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாடி போறாரு. இதுக்கு ஈ போடலையா?" என்றாள். என் ஆறில் மூன்று காலி. தங்கமணி அடுப்படியிலிருந்து கைதட்டினாள்.

பார்ட்டி நன்றாக நடந்தது. நான் பக்கத்து அறையில் பிரியாணி பிரித்தேன். நடுவில் ஒரு பாட்டு லிஸ்ட்டில் இல்லாமல் நுழைந்தது, எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது. எழுந்தேன். தங்கமணி ஒரு பார்வை பார்த்தாள். உட்கார்ந்தேன். அரை நிமிஷத்தில் பாட்டு தானாகவே மாறிவிட்டது. உள்ளே யாரோ பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். யார் என்று நான் கேட்கவில்லை.

பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடைசியாக ஒரு குத்து. "அங்கிள், ஆன்ட்டி எல்லாம் வரலாம்" என்று கூப்பிட்டார்கள். கதவருகே நின்று பார்த்தேன். சின்ன மேடம் கண்ணை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆடிக்கொண்டிருந்தாள். அவ்வளவு அழகாக இருந்தது. என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் போனை எடுத்துக் கேமராவையும் திறந்துவிட்டது. எத்தனை வருஷப் பழக்கம்!

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் இருந்த அண்டாவைப் பார்த்தாள்.

கொண்டுபோய்ப் போட்டேன்.

டிஸ்கி: மகளிடம் படித்துக் காட்டி, அனுமதி வாங்கிய பிறகுதான் இதை எழுதுகிறேன். இரண்டு பத்தியை வெட்டச் சொன்னாள், வெட்டிவிட்டேன். ரெக்கார்ட் டான்ஸ் பகுதியை மட்டும், "இது கண்டிப்பா இருக்கணும்ப்பா" என்றாள். உங்கள் வீட்டில் இந்தப் பாட்டுப் பஞ்சாயத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பெண்கள் பாடும் ராப் பாட்டு கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.